எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், 11 நாளாகியும் மணிக்கட்டு வலி போகவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

சாலைப்புழுதி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதே இடது கையால்தான்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு, வீட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்த எம்-சாண்ட் ரோடு முழுக்கப் பரவிக் கிடந்தது, பைக் சறுக்கிவிட்டது. வேகமெல்லாம் இல்லை, இருபது இருபத்தைந்தில்தான் வந்திருப்பேன். விழும்போது வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றிவிட்டேன், உடம்புப் பாரம் முழுக்க அதில்தான் இறங்கியது. லேசாக வீங்கியது, விரலெல்லாம் அசைந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி டாக்டர் எக்ஸ்ரே எழுதினார், இரண்டு படம் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, ஜவ்வில் அடி, சுளுக்குதான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் வந்த ரிப்போர்ட்டிலும் ‘நோ ஆப்வியஸ் போனி இஞ்சுரி’ என்றுதான் இருக்கிறது.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. வலி மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஆரம்பிக்கிற இடம். சும்மா இருந்தால் தெரியவே தெரியாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால், பூட்டில் சாவியைத் திருப்பினால், ஈரத்துணி பிழிந்தால் சுரீர் என்கிறது. நேற்றுக் காலை தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கப் போய்க் கீழே போட்டுவிட்டேன்.

அம்மா சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போனார். அவர் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார் பாருங்கள், உயிர் போய் வந்தது, கையை உருவிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். அப்பா புத்தூர் கட்டு போடலாம் என்கிறார். ஆபீஸில் எம்.ஆர்.ஐ. எடு என்கிறார்கள், விசாரித்ததில் 6,000 ரூபாய் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு என்று ஒன்று இருக்கிறதா? இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு அதிகமாகிவிடுமா? ஃபிலிமை ட்யூப் லைட்டில் பிடித்துப் போனில் எடுத்துப் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பழையசோறு:

தம்பி, எக்ஸ்ரே பொய் சொல்லாது. எலும்பு உடைந்திருந்தால் அன்றைக்கே கை யானைக்கால் மாதிரி வீங்கியிருக்கும், விரலை அசைக்கவே முடிந்திருக்காது. சுளுக்கு என்றால் ஒரு மாதம்கூட இழுக்கும். வெந்நீர் ஒத்தடம், இளஞ்சூட்டில் நல்லெண்ணெய், அவ்வளவுதான். எதற்கெடுத்தாலும் ஸ்கேன் என்று காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

இருட்டறை:

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன், ஃபிலிமை இருட்டறையில் கழுவிக் காயப்போட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆள். பழையசோறு அண்ணன் சொன்னதில் முதல் வரி சரி, பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். வீக்கத்தை வைத்துச் சொன்னது சரியில்லை. இந்த மாதிரி சின்ன எலும்பு உடைந்தால் பல பேருக்குப் பெரிதாக வீங்குவதே இல்லை, விரலும் நன்றாகவே அசையும், அதனால்தான் சுளுக்கு என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

சாலைப்புழுதி, உங்கள் ஃபிலிமின் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ரைட் ஹேண்ட்’ என்று இருக்கிறது, மணிக்கட்டு என்று இல்லை. சீட்டில் கை என்று எழுதி வந்தால் நாங்கள் விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை வருகிற மாதிரி வைத்து, கதிரின் நடுவை நடுவிரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டுக்கு நேரே வைத்து எடுப்போம். உங்களுக்கு வலிக்கிற இடம் படத்தின் அடியில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எடுத்தவர் மேல் தப்பில்லை, சீட்டில் இருந்ததை எடுத்திருக்கிறார்.

மணிக்கட்டுக்குள் கூழாங்கல் மாதிரி எட்டு எலும்பு, இரண்டு வரிசையாக. கட்டைவிரல் பக்கம் இருப்பதற்கு ஸ்கேஃபாய்டு என்று பெயர், படகு என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மணிக்கட்டு எலும்பில் அதிகமாக உடைவது இதுதான், அதுவும் நீங்கள் விழுந்த மாதிரியே கையை ஊன்றி விழுந்து. இது நேராகப் படுத்திருக்காது, உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கையை மட்டமாக வைத்து மேலிருந்து எடுத்தால் நீளம் சுருங்கிக் குட்டையாகத் தெரியும், முருங்கைக்காயை நுனிப்பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி. நடுவில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் அதன் மேலேயே எலும்பு விழுந்து மறைத்துவிடும்.

அதற்கென்று தனியாக ஸ்கேஃபாய்டு வியூ இருக்கிறது. உள்ளங்கையைத் தட்டில் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக முடிந்தவரை திருப்பச் சொல்வோம், கதிர் வருகிற ட்யூபை முழங்கைப் பக்கம் சுமார் 20 டிகிரி சாய்ப்போம். அப்போதுதான் அந்த எலும்பு நீட்டி நிமிர்ந்து படுக்கும். நிஜமாகவே உடைந்திருப்பவர் கையைத் திருப்பும்போதே பல்லைக் கடிப்பார், எங்களுக்கு அங்கேயே பாதி தெரிந்துவிடும், ஆனால் ரிப்போர்ட் சொல்லுகிற வேலை எங்களுடையது இல்லை என்பதால் வாயைத் திறக்க மாட்டோம். நேர், பக்கவாட்டு, சாய்வு, அப்புறம் இது, மொத்தம் நாலு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம். கை கால் எக்ஸ்ரேக்கு சுமார் 0.001 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா உட்கார்ந்திருக்கிற நமக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டே இருக்கிறது, கணக்குப் போட்டால் ஒரு படம் என்பது மூன்று நான்கு மணி நேரத்து இயற்கைக் கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிரே கிடையாது.

போனில் எடுத்த படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது, ட்யூப் லைட்டே இரண்டு கோடாக எலும்புக்கு மேலே விழுந்திருக்கிறது, நானே முதலில் அதை விரிசல் என்று நினைத்துவிட்டேன். லேபில் படம் பதிந்த டிஸ்க் கேட்டு வாங்குங்கள்.

மாவுக்கட்டு:

எலும்பு மருத்துவர். கையைத் தொட்டுப் பார்க்காமல் உடைந்திருக்கிறது, இல்லை என்று நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் வலி எந்த இடம் என்று படித்ததும் உறுத்தியது, அதனால் எழுதுகிறேன்.

கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தசைநாண் கயிறு மாதிரி எழும்பி நடுவில் ஒரு குழி விழும். தாத்தாக்கள் மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சிய குழி, மருத்துவப் புத்தகங்களிலும் அதற்குப் பொடி டப்பா என்றுதான் பெயர். அந்தக் குழியின் தரையில் கிடப்பதுதான் ஸ்கேஃபாய்டு. நான் பார்ப்பது மூன்று இடம்: அந்தக் குழியில் ஒரு விரலால் அழுத்துவது, உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் மேட்டின் அடியில் தட்டுப்படும் சின்ன முண்டில் அழுத்துவது, கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி உள்ளே தள்ளுவது. மூன்றிலும் வலித்தால், படம் சுத்தமாக இருந்தாலும் உடைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு அனுப்புவேன். இப்படிச் சந்தேகத்தில் கட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் முறிவு இருக்காது என்பதும் உண்மை. பரவாயில்லை, பத்து நாள் கட்டோடு இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

உங்கள் ரிப்போர்ட்டை நிறையப் பேர் ‘எலும்பு உடையவில்லை’ என்று படிக்கிறார்கள். அதில் இருக்கிற ‘ஆப்வியஸ்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ‘பளிச்சென்று எதுவும் தெரியவில்லை’ என்றுதான் ரேடியாலஜிஸ்ட் எழுதியிருக்கிறார், அவருக்குக் கொடுத்த இரண்டு படத்தில், வலி எந்த இடம் என்று யாரும் எழுதி அனுப்பாத சீட்டை வைத்துக்கொண்டு. ஸ்கேஃபாய்டு முறிவில் முதல் நாள் படத்தில் பத்துக்கு ஒன்றிரண்டு தப்பிப்போவது சாதாரணம். விலகாத விரிசல் என்றால் இரண்டு விளிம்பும் ஒட்டிக்கொண்டே இருக்கும், கோடு தெரிய இடமே இருக்காது. அப்புறம் உடம்பே விளிம்பில் உள்ள எலும்பைக் கொஞ்சம் கரைத்து எடுக்கும், கோடு அகலமாகும். அதனால்தான் 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்பது வழக்கம். நீங்கள் சரியாக அந்த இடத்தில் நிற்கிறீர்கள்.

ஒரு சின்ன எலும்புக்கு ஏன் இவ்வளவு கலவரம் என்றால், ரத்த ஓட்டம். இந்த எலும்பைச் சுற்றி ஏறக்குறைய எங்கும் குருத்தெலும்பு மூடியிருப்பதால் ரத்தக்குழாய் நுழைய இடம் கொஞ்சம்தான். பெரும்பகுதி ரத்தம் விரல் பக்கமாக உள்ள பாதியில் நுழைந்து முழங்கைப் பக்கம் பின்னோக்கிப் பாய்கிறது, அந்தக் கடைசி முனை காவிரியின் கடைமடை மாதிரி. இந்த எலும்பின் நடுப்பகுதியை இடுப்பு என்போம், அங்கே உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போவது தடைப்படலாம், சேராமல் நின்றுவிடலாம், சில பேருக்கு அந்த முனை செத்தே போய்விடும். வருஷக்கணக்கில் விட்டால் மணிக்கட்டு முழுக்கத் தேய்மானம்.

எம்.ஆர்.ஐ. கேட்டிருந்தீர்கள். வசதி இருந்தால் அது வீண் செலவு இல்லை. இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் 2016-லேயே, ஸ்கேஃபாய்டு சந்தேகம் என்றால் முதல் படமாகவே எம்.ஆர்.ஐ.யைப் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. அதில் டி1 என்ற வரிசையில் விரிசல் கறுப்புக் கோடாக விழும், ஸ்டிர் என்ற வரிசையில் அதைச் சுற்றி எலும்புக்குள் நீர் கோத்து வெள்ளையாகத் தெரியும். வெள்ளை மட்டும் இருந்து கோடு இல்லையென்றால் எலும்புக்குள் கன்றிப்போயிருக்கிறது, உடையவில்லை. சி.டி. ஸ்கேன் வேறு வேலைக்கு: உடைந்தது விலகியிருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க. ஆனால் முதலில் 14ஆம் நாள் வாக்கில் நாலு படம் எடுங்கள், அதிலேயே தெரிந்துவிட்டால் 6,000 மிச்சம்.

எடுக்கும்போது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேஃபாய்டுக்கும் பக்கத்தில் இருக்கும் லூனேட் எலும்புக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கே உள்ள ஜவ்வு அறுந்திருக்கலாம். அந்த அடையாளத்துக்கு டெர்ரி தாமஸ் என்ற பழைய ஆங்கில நகைச்சுவை நடிகரின் பெயரை வைத்திருக்கிறார்கள், அவருடைய முன்பல் சந்து அப்படி.

அப்பா சொல்லும் கட்டைப் பற்றி: எந்தக் கட்டாக இருந்தாலும் உள்ளே என்ன என்று தெரிந்த பிறகு பேசலாம். இழுத்து விடுவதும் உருவி விடுவதும் மட்டும் கூடவே கூடாது. அதுவரை கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்ப்ளிண்ட் மருந்துக்கடையில் கிடைக்கும், போட்டுக்கொள்ளுங்கள், பைக் வேண்டாம்.

கைப்பந்துக்காரன்:

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். காலேஜ் மேட்சில் பந்துக்குப் பாய்ந்து இதே மாதிரி ஊன்றினேன், இதே மாதிரி ஒன்றுமில்லை என்றார்கள், நானும் சந்தோஷமாக நம்பிக்கொண்டேன். மூன்று வாரத்தில் வலி குறைந்துவிட்டது, அதுதான் கெட்டது. தண்டால் எடுத்தால் மட்டும் வலிக்கும், அதனால் முஷ்டியை மடக்கி எடுக்கப் பழகிக்கொண்டேன். கேஸ் சிலிண்டர் தூக்க இடது கை, வாட்டர் கேனுக்கு இடது கை, நானே இடதுகைக்காரன் ஆனது எனக்கே தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வேறு எதற்கோ போன இடத்தில் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார், எலும்பு நடுவில் சரியாக இரண்டு துண்டு, விளிம்பெல்லாம் வெள்ளையாக, வழவழவென்று, உடைந்த பிஸ்கட் மாதிரி இல்லாமல் இரண்டு தனி எலும்பாகவே ஆகியிருந்தது. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து நடுவில் வைத்து, தலையில்லாத ஸ்க்ரூ ஒன்று போட்டார்கள். சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் மணிக்கட்டு முழுசாகப் பின்னால் மடங்காது, வஜ்ராசனத்திலிருந்து கையூன்றி எழ மாட்டேன். கையைவிட இடுப்பில் எடுத்த இடம்தான் ஒரு மாதம் பாடாய்ப் படுத்தியது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

பழையசோறு:

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு 1998-ல் கணுக்கால் பிசகியது எண்ணெயில் சரியானது, அதை வைத்து எழுதிவிட்டேன்.

வேப்பமரம்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. அம்மாவுக்கு 64 வயது, விழவெல்லாம் இல்லை, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி, எம்.ஆர்.ஐ.யில் ‘மெனிஸ்கஸ் டேர்’ என்று வந்திருக்கிறது. ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்று சொந்தக்காரர்கள் வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். பயப்பட வேண்டுமா?

மாவுக்கட்டு:

தனித் திரி போட வேண்டிய கேள்வி, ஆனால் ஒரு விதத்தில் இதே கேள்விதான், அங்கே படம் கம்மியாகக் காட்டியது, இங்கே தேவைக்கு மேல் காட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில், முழங்கால் வலி இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்காமல், 50 முதல் 90 வயது வரை 991 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 2008-ல் வெளியானது. 50களில் இருந்த பெண்களில் 19 சதவீதம் பேருக்கும், 70 தாண்டிய ஆண்களில் 56 சதவீதம் பேருக்கும் மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதம் முழுக்க வலியோ விறைப்போ எதுவும் இல்லை. வயதானால் தலை நரைப்பது போல அந்த ஜவ்வும் நைந்து கிழியும். அம்மாவின் கால் மடக்கும்போது பூட்டு மாதிரி மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதா என்று கேளுங்கள். அப்படி இல்லையென்றால் தொடைத் தசைக்குப் பயிற்சிதான் முதலில், பிசியோவைப் பாருங்கள். அப்படியே எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, நின்றபடி எடுத்த ஒரு சாதாரண எக்ஸ்ரேயோடு டாக்டரிடம் போங்கள். படுத்துக்கொண்டு எடுத்தால் மூட்டுச் சந்து நன்றாக இருப்பது போலத் தெரியும், நின்றால்தான் தேய்மானம் தெரியும், நிறைய இடத்தில் இதைக் கவனிப்பதில்லை.

சாலைப்புழுதி:

எல்லோருக்கும் நன்றி. 14ஆம் நாள் வேறு ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். பொடிக் குழியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார், நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினார்: மணிக்கட்டு, ஸ்கேஃபாய்டு வியூவோடு, பொடிக் குழியில் வலி, விழுந்து இரண்டு வாரம். முன்பு வாங்கிய சீட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

நாலு படத்தில் மூன்றில் ஒன்றுமில்லை, டாக்டரே இல்லை என்றுதான் சொன்னார். நாலாவதில், கையைச் சுண்டுவிரல் பக்கம் திருப்பி எடுத்ததில் மட்டும், எலும்பின் இடுப்புக்குக் குறுக்கே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. காட்டிய பிறகு எனக்கே தெரிகிறது, காட்டுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் பார்த்தும் தெரியவில்லை. விலகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், விலகவில்லை. முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருக்கிறார், ஆறு வாரம் கழித்துப் பிரித்துப் படம் எடுத்துப் பார்த்து, வேண்டுமானால் இன்னும் நீட்டிப்பாராம். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஸ்க்ரூவும் போடலாம் என்றார். அம்மா ஸ்க்ரூ என்றதுமே எழுந்து வெளியே போய்விட்டார். நான் கட்டையே எடுத்துக்கொண்டேன், சரியான முடிவுதானே?

மாவுக்கட்டு:

சரியான முடிவுதான். இங்கிலாந்தில் 439 பேரை இரண்டாகப் பிரித்து, விலகல் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்குப் பாதிப் பேருக்கு ஸ்க்ரூவும் பாதிப் பேருக்குக் கட்டும் போட்டுப் பார்த்தார்கள், 2020-ல் லான்செட்டில் வந்தது. ஒரு வருஷம் கழித்து வலியிலும் கை வேலையிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு நிபந்தனை: கட்டோடு சேரவில்லை என்று தெரிந்தால் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டும். அதனால் ஆறாவது வாரப் படத்தை வலி இல்லை என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள், கைப்பந்துக்காரர் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள், எலும்பு சேருவதை அது தாமதப்படுத்தும்.

இருட்டறை:

பென்சில் கோடு விழுந்த அந்த நாலாவது ஃபிலிமைப் பத்திரமாக வையுங்கள், சுருட்டிப் பீரோ மேல் போடாதீர்கள், படம் பதிந்த டிஸ்க்கையும் சேர்த்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து எடுக்கும்போது அதே சாய்வில் எடுக்கச் சொல்லி இந்தப் படத்தை டெக்னீஷியனிடம் காட்டுங்கள், இல்லையென்றால் கோடு மறைந்தது எலும்பு சேர்ந்ததாலா, கை வைத்த கோணம் மாறியதாலா என்று டாக்டருக்கே தெரியாது. அப்புறம், குளிக்கும்போது கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி, கையை மேலே தூக்கிக்கொண்டு குளியுங்கள். தொங்கவிட்டால் தண்ணீர் வழிந்து உள்ளே போய்விடும், கட்டு நாறிப்போய் ஒரு வாரத்தில் என்னிடம்தான் வந்து நிற்பீர்கள்.